எழுதாத பலகைக்கு மாதப்படி

1961 ஜூன் 12 – 15
1961 ஜூலை 12 – 15
1964 ஜூன் 12 – 20
1966 ஜூன் 12 – 25
1968 ஏப்ரல் 12 – 25
1968 மே 12 – இல்லை
1968 ஜூன் 3 – 2

முதல் ஐந்து வரிகளில் இருப்பது, ஒரு பெண்குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வைத்திருந்ததற்காக அவள் அப்பாவுக்குக் கிடைத்த பணம். இடையில் உள்ள மாதங்களிலும் இதே தொகைகள்தான். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. கடைசி வரியில் இருக்கும் இரண்டு ரூபாய், அவளுடைய முதல் நாள் கூலி.

தெருவில் எல்லோரும் அவளைச் ‘சதுரம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பட்டப்பெயர் வந்த இடம் பல்கலைக்கழகத் தத்துவத் துறையின் நடைகூடம்.

அப்பா தரைக்கல் பதிக்கிறவர். நடைகூடத்துப் பழைய சிமெண்டை உடைத்துவிட்டுச் சாம்பலும் வெள்ளையுமாகக் கல் பதிக்கும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. நேராகப் பதிக்காமல் மூலைவாட்டாகப் பதிக்கச் சொல்லியிருந்தார்கள். அப்படிப் பதித்தால் சுவரோரமெல்லாம் முக்கோணமாக இடம் விழும். அதை நிரப்பக் கல்லை மூலைக்கு மூலை வெட்டி அரைக்கல்லாக்க வேண்டும். வீட்டில் அம்மா நெஞ்சு நோயோடு படுத்த படுக்கையாக இருந்ததால், ஏழு வயதுப் பெண்ணை அப்பா கையோடு கூட்டிவந்தார். அரைக்கல்லை நிறம் பிரித்து அடுக்கிவைப்பது அவள் வேலை. அடுத்த திங்கட்கிழமை அவளைப் பள்ளியில் சேர்ப்பதாக இருந்தது. நீலத் துணிப்பை ஒன்றை வாங்கி வீட்டு ஆணியில் மாட்டியாயிற்று. கல்லை அடுக்கிக்கொண்டே அவள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பாள்.

“திங்கக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள்ப்பா?”

“அடுக்கு. அடுக்க அடுக்க வந்துடும்.”

அந்த நடைகூடத்தில் அடுத்தடுத்த அறைகளில் இரண்டு பேராசிரியர்கள் இருந்தார்கள். இருவருக்கும் நடுவே ஒரு சுவர். இருவருக்கும் சேர்த்து ஒரே தேநீர்க் கெண்டி. துறையின் கடைநிலை ஊழியர், அவர்களில் ஒருவருக்குக் ‘கிரேக்கத்தார்’ என்றும் மற்றவருக்குப் ‘பலகைக்காரர்’ என்றும் பெயர் வைத்திருந்தார். மதியம் அப்பாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அந்த ஊழியர்தான் விஷயத்தை விளக்கினார்.

“ரெண்டு பேருக்கும் பதினஞ்சு வருஷமா ஒரே சண்டை மேஸ்திரி. கிரேக்கத்தார் என்ன சொல்றார்னா, பொறக்கும்போதே எல்லாருக்கும் உள்ள அறிவு இருக்காம். பாடம் நடத்துறவன் அத ஞாபகப்படுத்துறானாம், அவ்வளவுதானாம். பக்கத்து ரூம்காரர், அதெல்லாம் ஒண்ணுமில்ல, மனசு வெறும் பலகை, உலகம்தான் அதுல எழுதுதுங்கறார்.”

“நீங்க எந்தப் பக்கம்?”

“எனக்கு நாலு பிள்ளைங்க. பொறந்தப்ப நாலுக்கும் அழத்தான் தெரிஞ்சுது. இன்னைக்கும் அதுல பெரிய மாத்தம் இல்ல.”

சண்டை அந்த இருவரும் ஆரம்பித்தது அல்ல. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. கிரேக்க நாட்டில் ஒரு முதிய ஆசான், செல்வர் ஒருவரின் அடிமைச் சிறுவனை முன்னால் நிறுத்தி, ஒரு சதுரம் வரைந்து, இதைப்போல் இருமடங்கு பெரிய சதுரம் எப்படி வரும் என்று கேட்டாராம். படிப்பு வாசனையே இல்லாத சிறுவன் முதலில் தவறினான். பிறகு, ஆசான் கேள்வி மட்டுமே கேட்க, தானே விடைக்கு வந்து சேர்ந்தான். சொல்லித்தராமலே வந்ததென்றால் அது முன்பே உள்ளே இருந்திருக்க வேண்டும் என்றார் ஆசான். அவர் வழியில் பின்னால் வந்த இன்னொருவர், மனம் இன்னும் எதுவும் எழுதாத பலகை என்றார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் அதே வழக்கு மறுபடி கிளம்பியது. மனம் வெள்ளைத்தாள் என்றது ஒரு கட்சி. இல்லை, அது ரேகை ஓடும் பளிங்கு. உளி பட்டால் உள்ளே இருக்கும் ரேகைதான் உருவமாக வெளிவருகிறது என்றது மறு கட்சி. மேடையும் ஆட்களும் மாறினாலும் வழக்கு தீரவில்லை.

கிரேக்கத்தார் பளிங்குக் கட்சி. வேலை நடக்கும் இடத்தில் ஒருநாள் நின்று, அப்பாவிடமே அதைச் சொன்னார். அப்பா கையிலிருந்த கல்லைத் திருப்பிப் பார்த்தார்.

“ரேகை ஓடுற கல்லுதாங்கையா மொதல்ல உடையும்.”

பேராசிரியர் சிரித்தார். பிறகு கீழே உட்கார்ந்திருந்த சிறுமியைப் பார்த்தார். பார்த்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“இவ பள்ளிக்கூடம் போறாளா?”

“திங்கக்கிழமைதான் சேக்கப்போறோம்.”

“எழுத்து, கணக்கு, வீட்ல யாராவது சொல்லித் தந்தீங்களா?”

“எங்க வீட்ல யாருக்குங்க தெரியும், சொல்லித்தர?”

அது சத்தியமான பதில். பேராசிரியர் சுண்ணக்கட்டி கொண்டுவந்து, காரை காய்ந்த தரையில் ஒரு சதுரம் போட்டு, அந்தக் கிரேக்க ஆசான் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். சிறுமி பக்கத்தை இருமடங்காக நீட்டினாள். நாலு சதுரம் வந்தது. “நான் கேட்டது ரெண்டுதானே?” என்றார். அவள் கட்டைவிரலைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையையே பார்த்தாள். பிறகு சதுரத்தின் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டின் மேல் பெரிய சதுரத்தை எழுப்பினாள். சரியான விடை. தவறியதும்கூட அடிமைச் சிறுவன் தவறிய இடத்திலேயே.

 பேராசிரியர் சுண்ணக் கோடு அழியாமல் இருக்க நாற்காலிகளைச் சுற்றிப் போட்டு மறித்தார். அந்த நாற்காலிகளின் கால்கள் மூலைவாட்டாக வெட்டிய அரைக்கற்களின் மேல்தான் நின்றன. பதினைந்து நாளாக அவர் அந்தக் கற்களின் மேல்தான் நடந்தார். சொல்லித்தருவது என்றால் அவருக்குக் கரும்பலகை, புத்தகம், வாத்தியார். காலடியில் இருந்ததை அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மறுநாள் அவர் வீட்டுக்கே வந்தார். மரக்கிடங்குக்குப் பின்னால் ஒற்றை அறை. அம்மா கட்டிலில் எழுந்து உட்கார முயன்றாள். வேண்டாம் என்று கையமர்த்தினார். அவர் கேட்டது இதுதான்: பிள்ளைக்குப் பதினான்கு வயது வரை எழுத்து தெரியக்கூடாது, எழுதிய எண் தெரியக்கூடாது. ஒவ்வொரு மாதமும் பன்னிரண்டாம் தேதி தானே வந்து சோதிப்பார், மாதப்படியாகப் பணம் தருவார். பதினான்கு ஆகும்போது வெளிநாட்டு அறிஞர்கள் முன்னால் கடைசிச் சோதனை. அது முடிந்ததும் விடுதியோடு கூடிய நல்ல பள்ளியில் தன் செலவில் சேர்ப்பார். எவ்வளவு படித்தாலும் படிக்க வைப்பார்.

“ஏழு வருஷம் ஒண்ணும் பெருசில்ல” என்றார். “அப்புறம் அவ எல்லாரையும் தாண்டிப் போயிடுவா. உள்ள இருக்குறது எங்கயும் போயிடாது.”

மருந்துக்கடையில் பாக்கி ஏறிக்கொண்டிருந்த நேரம். அப்பா மென்று விழுங்கி, கடைசியில் தலையாட்டினார். பேராசிரியர் போன பிறகு அம்மா ஆணியைப் பார்த்தாள்.

“பையை என்ன பண்றது?”

“இருக்கட்டும். ஏழு வருஷத்துல கெட்டா போகும்?”

முதல் படி வந்த ஜூன் 12, அவள் காத்திருந்த அந்தத் திங்கட்கிழமை.

ஒரு குழந்தையைப் படிக்க வைப்பதைவிடப் படிக்காமல் வைத்திருப்பது கடினமான வேலை. அப்பா நாட்காட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினார். மளிகை கட்டி வரும் செய்தித்தாளை வாசலிலேயே பிரித்து எறிந்துவிட்டுச் சாமானை மட்டும் உள்ளே கொண்டுவந்தார். கடைத்தெருவில் நடக்கும்போது, “கீழ பாத்து நட” என்பார். கடைப் பெயர்ப்பலகைகளைப் பார்க்காமல் நடந்து நடந்து அவளுக்குத் தலை குனிந்தபடியே நின்றுவிட்டது. பார்க்கிறவர்கள் அடக்கமான பெண் என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் மண்ணில் ஒரு எழுத்தை எழுதிக் காட்டியபோது, அப்பா ஓடிவந்து அதைக் காலால் அழித்து, மகளை ஓங்கி அறைந்தார். அதற்கு முன் அவர் அவளை அடித்ததே இல்லை. அடித்துவிட்டு வாசலில் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஏய் சதுரம், பள்ளிக்கூடம் வரல?” என்று தெருப்பிள்ளைகள் கத்திக்கொண்டு போவார்கள்.

“எனக்குச் சம்பளம் தர்றாங்க. உனக்குத் தர்றாங்களா?” என்று அவளும் விடமாட்டாள். கதவைச் சாத்திய பிறகுதான் அழுவாள்.

பேராசிரியர் மோசமானவர் அல்ல. ஒவ்வொரு பன்னிரண்டாம் தேதியும் அம்மாவுக்குப் பழம் வாங்கிவருவார். எழுத்து எழுதிய ஒரு அட்டையைக் காட்டி, “இது என்ன பாப்பா?” என்பார். “கறுப்பா ஏதோ பூச்சி” என்பாள். “நல்லது” என்று எழுதிக்கொள்வார். தெரியாது என்று சொல்லச் சொல்ல ஒருவர் முகம் மலர்வதை அவள் அந்த வயதிலேயே பார்த்துவிட்டாள்.

நாலாம் வருடம் அம்மா இறந்துபோனாள். மருந்துச் செலவு நின்றது. இனியாவது பள்ளிக்குப் போகலாமா என்று அவள் கேட்டாள். இன்னும் மூன்றே வருடம், இப்போது விட்டால் விடுதிப் பள்ளியும் போய்விடும் என்றார் அப்பா. அதிலும் நியாயம் இருந்தது. அவள் அப்பாவோடு வேலைக்குப் போகத் தொடங்கினாள். காரை குழைத்தாள், நூல் பிடித்தாள், கல் எடுத்துக் கொடுத்தாள். ஒருநாள் இரண்டு கற்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள்.

“அப்பா, இது ரெண்டும் ஒரே அளவு இல்ல.”

“எந்த ரெண்டு கல்லும் ஒரே அளவு இருக்காது. சூளையிலேர்ந்து ஒண்ணு கூட ஒண்ணு குறைச்சலாத்தான் வரும். இடுக்குல சரிக்கட்டிக்கணும்.”

“நீ சமமான கல்லப் பாத்திருக்கியா?”

“முப்பது வருஷத்துல ஒண்ணுகூடப் பாத்ததில்ல.”

“அப்ப இது சமமில்லன்னு எத வச்சுச் சொல்ற?”

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். யோசித்தார். “காரை காயுது பாரு” என்றார். அந்தக் கேள்வி அவளிடமே தங்கிவிட்டது. விடுதிப் பள்ளியில் இதற்குப் பதில் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசிச் சோதனை 1968 மே 8. துறையின் பெரிய கூடம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் முன்வரிசையில். அவர்களோடு விடுதிப் பள்ளித் தலைமையாசிரியையையும் பேராசிரியர் அழைத்து உட்காரவைத்திருந்தார். சோதனை முடிந்ததும் அங்கேயே சேர்க்கையை அறிவிப்பதாக ஏற்பாடு. அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கதவோரம் நின்றார். வழியிலேயே மகளிடம் சொல்லிவைத்திருந்தார்: “எப்படித் தெரியும்னு கேட்டா, தானா வந்துச்சுன்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் திறக்காத.”

சதுரக் கேள்வியில் தொடங்கிப் புதிய கேள்விகள் வரை எல்லாவற்றுக்கும் விடை வந்தது. கை தட்டினார்கள். அப்போது பலகைக்காரர் எழுந்தார். அவர் குரல் மிகவும் கனிவானது.

“அம்மாடி, மூலைக்கு மூலை கோடு போடணும்னு ஒனக்கு எப்படித் தெரியும்?”

அவள் தலைமையாசிரியையைப் பார்த்தாள். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடி வழியாக அவளைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் தானாக வருகிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? கற்றுக்கொள்ளத் தெரிந்த பிள்ளையைத்தானே சேர்த்துக்கொள்வார்கள்? ஏழு வருடமாகப் பையை ஆணியில் மாட்டிவைத்திருக்கும் பெண்ணுக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. அவள் தலைமையாசிரியையைப் பார்த்தே பதில் சொன்னாள்.

“நானா பாத்துக் கத்துக்கிட்டேங்க. இதோ, வெளிய இருக்குற தரையிலதான். அப்பா வெட்டுன அரைக்கல்ல நான்தான் அடுக்குனேன். ஒரு கல்லுக்கு ரெண்டு அரைக்கல்லு. நாலு அரைக்கல்ல முனையோட முனை சேத்தா பெரிய சதுரம், ரெண்டு கல்லு அளவு. யாரும் சொல்லித்தரலீங்க. அப்பவே அவ்வளவு சீக்கிரம் கத்துக்கிட்டேன். நீங்க எது சொல்லிக்கொடுத்தாலும் கத்துக்குவேன்.”

 நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் சத்தம். அத்தனை பேரும் நடைகூடத்துக்குப் போய்க் குனிந்து தரையைப் பார்த்தார்கள். பலகைக்காரர் முழங்காலிட்டு, கைக்குட்டையால் ஒரு அரைக்கல்லைத் துடைத்து, தட்டிக் காட்டினார். “எழுதினது யாருன்னு தெரிஞ்சுபோச்சு” என்றார். சிரிப்பு எழுந்தது. கிரேக்கத்தார் மட்டும் கூடத்திலேயே நின்றிருந்தார். “அந்த அரைக்கற்கள் சமம் என்று அவளுக்கு யார் சொன்னது?” என்று அவர் கேட்டதாகத் துறை ஊழியர் பிறகு சொன்னார். அந்தச் சத்தத்தில் வேறு யார் காதிலும் விழவில்லை.

கிரேக்கத்தார் அவளையும் பார்க்கவில்லை, அவள் அப்பாவையும் பார்க்கவில்லை. காகிதங்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

தலைமையாசிரியை நல்ல மாதிரியாகவே பேசினார். “பதினாலு வயசுப் பொண்ண ஆறு வயசுப் பிள்ளைகளோட உக்கார வைக்க முடியாது. தனியா ஆள் போட்டுச் சொல்லித் தரணும். அதுக்குத்தான் பேராசிரியர் செலவு பண்றதா சொல்லியிருந்தார். இனி அவர் என்ன சொல்றாரோ.”  மே 12 வந்தது; பேராசிரியர் வரவில்லை. அப்பா இரண்டு முறை துறைக்குப் போய் அறை வாசலில் நின்றார். கதவு திறக்கவில்லை. பக்கத்து அறைக் கதவு திறந்தது. பலகைக்காரர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“ஒங்க பொண்ணு பெரிய உதவி பண்ணிட்டா.”

“அப்ப, பள்ளிக்கூடத்துக்கு நீங்க ஏதாவது...”

“என்னோட ஆராய்ச்சி முடிஞ்சிருச்சுங்க. நல்லா இருக்கட்டும் பொண்ணு.”

வீட்டுக்கு வந்து அப்பா சுவரைப் பார்த்துப் பேசினார். “தானா வந்துச்சுன்னு சொல்ல என்ன கேடு ஒனக்கு? ரெண்டு வார்த்த. ரெண்டே வார்த்த.”

“கத்துக்குவேன்னு சொன்னாச் சேத்துக்குவாங்கன்னு நெனச்சேன்ப்பா.”

 ஜூன் 3, பள்ளிகள் திறந்த திங்கட்கிழமை, அப்பா அவளைக் கூலிக்குச் சேர்த்துவிட்டார். வேலை நடந்த இடம் ஒரு பள்ளிக்கூடக் கழிப்பறை. நீலப் பையில் அன்றைக்குக் கொத்துக் கரண்டியும் மட்டம் பார்க்கும் ரசமட்டமும் இருந்தன.

மீதி வாழ்க்கை வேகமாகச் சொல்லிவிடக்கூடியது. முப்பத்தைந்து வருடம் தரை பதித்தாள். சிமெண்ட் தின்று விரல் நுனிகளில் ரேகையே இல்லாமல் போனது. கைநாட்டு வைத்தால் வெறும் கறுப்புப் பொட்டு விழும். வங்கியில் அதை ஏற்க மறுத்தார்கள். லாரி ஓட்டுகிறவரைக் கல்யாணம் செய்தாள். அவர் ஒரு விபத்தில் போய்ச் சேர்ந்தார். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். ஒரே மகளை அவள் பள்ளிக்கு அனுப்பியது அனுப்பியது அல்ல, துரத்தியது. காய்ச்சலென்றாலும் போர்வையோடு கொண்டுபோய் விட்டுவந்தாள். “நீ போகாததுக்கும் சேத்து நான் போகணுமாம்மா?” என்று மகள் அழுதிருக்கிறாள். முதியோர் வகுப்புக்கு இவளும் ஒருமுறை போனாள். ஆசிரியை அட்டையைத் தூக்கிக் காட்டியதும், ஏழு வருடப் பழக்கத்தில் வாய் தானாக, “பூச்சி” என்றது. வகுப்பு சிரித்தது. கண் தானாகத் தரைக்குப் போனது. மறுநாள் அவள் போகவில்லை.

இரண்டு பேராசிரியர்களும் அவளைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார்கள் என்பது மகள் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஒருவர் புத்தகத்தில் அவள் பளிங்கு. இன்னொருவர் புத்தகத்தில் அவள் பலகை. பாடத்தில் வந்தது தன் அம்மா என்று மகள் வகுப்பில் யாரிடமும் சொல்லவில்லை.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயதானபோது துறையின் முத்திரையோடு கடிதம் வந்தது. எழுதியவர் கிரேக்கத்தார். அவருக்கு அப்போது எண்பத்தெட்டு வயது. அஞ்சலக எழுத்தராக இருந்த மகள், வேலை முடிந்து வந்து, அடுப்படியில் நின்றபடியே படித்தாள். கடைசிப் புத்தகம் எழுதுகிறாராம். ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்கிறதாம். அரைக்கற்களைப் பார்த்துக் கற்றதாகச் சொன்னாயே, அவை ஒன்றுக்கொன்று சமம் என்பது உனக்கு எப்படித் தெரிந்தது? யாராவது சொன்னார்களா?

மகள் கடிதத்தை மடித்தாள்.

“கீழ இன்னும் ரெண்டு வரி இருக்கு” என்றாள் அம்மா. படிக்கத் தெரியாவிட்டாலும் வரியின் நீளம் அவள் கண்ணுக்குத் தப்பாது.

“சும்மா நலம் விசாரிச்சிருக்கார்.”

“படி.”

மகள் கடிதத்தை மறுபடி பிரித்தாள். “‘இடைப்பட்ட காலத்தில் நீ எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தால், உன் பதில் எனக்குப் பயன்படாது. அப்படியென்றால் பதில் அனுப்ப வேண்டாம்.’ அவ்வளவுதான்.”

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. அம்மா அதை இறக்கிவைத்தாள்.

“அப்ப நான் பதில் போடலாம். எனக்குத் தகுதி இருக்கு.”

“அம்மா, அந்தாளுக்குப் பதிலா? கிழிச்சுப் போடு.”

“பேனாவ எடு. எடுன்னா எடு.” அவள் தரையில் உட்கார்ந்தாள். மகள் எழுத எழுத, ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்திச் சொன்னாள். “சமமான கல்ல நான் பாத்ததே இல்லீங்க. எங்கப்பாவும் பாத்ததில்ல. ஆனா சமம்னா என்னன்னு எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. யாரும் சொல்லல. எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்துல சொல்லுவாங்கன்னு நெனச்சேன்.”

மகளின் பேனா அங்கேயே நின்றது. அம்மா, “இன்னும் ஏதாவது எழுதணுமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்று மகள் தலையசைத்தாள்.

மறுநாள் மகளே அதற்கு முத்திரை குத்தித் தபாலில் சேர்த்தாள். பதில் வரவில்லை. அதன் பிறகு அம்மா பெயருக்கு யாரும் எழுதியதும் இல்லை. பேராசிரியரின் அந்தக் கடைசிக் கடிதம் வந்தது, பள்ளிகள் திறந்த திங்கட்கிழமை, 2003 ஜூன் 9.